மூவர் பகிர்ந்த மலைகள்

தம் முன்னோர் ஒரு நிலத்தில் எவ்வாறு குடியேறினர் என்பதை மக்கள் கதையாகச் சொல்லிக் காத்து வந்துள்ளனர். இத்தகைய தொன்மங்கள் பலவற்றில் உடன்பிறந்தோரே முதற்குடியினராக அமைகின்றனர்.

சேலம் மாவட்டத்தின் சேர்வராயன் மலையில், ஏற்காடு வட்டத்து வெள்ளக்கடை முதலிய ஊர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். தமிழ் பேசும் இம்மக்களின் பெயர் கேரளத்தாரைச் சுட்டுவதன்று. மலையில் வாழ்வோர் எனப் பொருள்படுவது. காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட உடன்பிறந்தோர் மூவருள் மூத்தவர் சேர்வராயன் மலையிலும் அடுத்தவர் கொல்லிமலையிலும் இளையவர் பச்சைமலையிலும் குடியேறினர் என்பது இவர்தம் மரபுக்கதை. 1909ஆம் ஆண்டு வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூல் இதனைப் பதிவு செய்துள்ளது. கரியராமர் என்னும் தெய்வத்தைப் பின்தொடர்ந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் மூவர் வெவ்வேறு வழிகளில் பிரிந்து சென்றதாகக் கூறும் மற்றொரு வடிவமும் அந்நூலில் உண்டு. வாய்மொழிக் கதை இவ்வாறு பல வடிவங்களில் வழங்குவது இயல்பு.

உடன்பிறந்தோர் கதை ரோம் நகருக்கும் உண்டு. டைபர் ஆற்றில் விடப்பட்ட இரட்டையரான ரோமுலசும் ரெமுசும் பெண் ஓநாயிடம் பாலுண்டு, ஆயர் ஒருவரால் வளர்க்கப்பட்டனர். நகரமைக்க ஒருவர் பாலடைன் குன்றையும் மற்றவர் அவென்டைன் குன்றையும் விரும்பினர். பறவைக் குறி பார்த்தபோது ரெமுசுக்கு ஆறு கழுகுகளும் ரோமுலசுக்குப் பன்னிரண்டும் தோன்றின. முதலில் கண்டவருக்கா, மிகுதியாகக் கண்டவருக்கா உரிமை என்னும் பூசல் எழுந்தது. புதிய மதிலை எள்ளித் தாண்டிய ரெமுஸ் கொல்லப்பட்டார் என்பது பெரிதும் அறியப்பட்ட வடிவம். நகரம் எழுந்த ஆண்டு கி.மு. 753 என்பது ரோமானிய மரபு.

இரட்டையருள் மூத்தவர் யார் என்பது தெளிவாகாமையால் உரிமைப் போட்டி எழுகிறது. மலையாளிகளின் கதையிலோ மூப்பு முறை தெளிவாக உள்ளது. ஆளுக்கொரு மலையும் அமைகிறது. ரோமானியர் கதையில் எல்லை உறவை வெட்டுகிறது. மலையாளிகளின் கதையில் எல்லை கடந்தும் உறவு நிலைக்கிறது. தொலைவிலுள்ள மலைகளில் வாழ்வோரும் அண்ணன் தம்பி வழியினரே என்னும் எண்ணத்தை அது தலைமுறைதோறும் கையளிக்கிறது.

இக்கதைகளை வரலாற்றுச் சான்றாக அப்படியே கொள்ளுதல் இயலாது. ஆயினும், ஒரு மக்கள் கூட்டம் தன்னை எவ்வாறு கருதிக்கொள்கிறது என்பதை இவற்றினும் தெளிவாகக் காட்டுவன சிலவே.