ஈரல் நலம்: வர்த்தகச் சகோதரர்களுக்கு ஒரு பாடம்

நம்மவர்களிடம் ஈரலைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது குடிகாரர்களுக்கு வரும் வியாதியல்லவா, நமக்கென்ன?" என்று கேட்டுவிட்டு வேறு விஷயத்திற்குப் போய்விடுவோர் பலர். மதுவை மார்க்கம் தடுத்திருப்பதால் ஈரலுக்கு வரும் பெரியதோர் ஆபத்திலிருந்து அல்லாஹ் நம்மைக் காத்திருக்கிறான், அல்ஹம்து லில்லாஹ். எனினும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு போத்தலில் மட்டும் வருவதில்லை. டப்பாவிலும் பொட்டலத்திலும் சாக்கு மூட்டையிலும் வரும். அவற்றுள் சில தேக்காவிலும் சிராங்கூன் சாலையிலும் உள்ள கடைகளின் வழியாகவே மக்களுக்குப் போய்ச் சேரக்கூடும் என்பதால் இப்பாடத்தை வர்த்தகர்களுக்கென்றே எழுதுகிறோம்.

வலப்புற விலா எலும்புகளுக்குக் கீழே இருக்கும் ஈரல், வளர்ந்த மனிதருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோ எடையுள்ளது. குடல் உறிஞ்சிய உணவின் சாரமும் மருந்தும் இரத்தத்தோடு கலந்து முதலில் அங்கேதான் செல்கின்றன. துறைமுகத்தில் இறங்கும் சரக்கு சுங்கச் சோதனையைத் தாண்டித்தானே ஊருக்குள் வர வேண்டும், அதுபோல. வேண்டாததை உடம்பை விட்டு வெளியேறும் வண்ணம் ஈரல் மாற்றி அனுப்புகிறது. ஆனால் அப்படி மாற்றும்போது சில பொருள்கள், உள்ளே வந்ததைவிடக் கொடிய நஞ்சாகிவிடுவதும் உண்டு.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் பாரசிட்டமால் மாத்திரையே போதும். அளவோடு உண்டால் அது நல்ல மருந்து. அதில் பெரும்பகுதியை ஈரல் எளிதில் வெளியேற்றிவிடும். ஒரு சிறு பகுதி மாத்திரம் நஞ்சாக மாறும். அதை அடக்குவதற்குக் குளூட்டாதயோன் என்னும் பொருளை ஈரல் கையிருப்பாக வைத்திருக்கிறது. அளவு மிஞ்சினால் கையிருப்புத் தீர்ந்து, நஞ்சு ஈரலின் உயிரணுக்களையே கொல்லத் தொடங்கும். வளர்ந்தவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டு, என்பதே உச்ச வரம்பு. மெலிந்த உடம்பினரும் ஈரல் நோயுள்ளவரும் டாக்டரைக் கேட்டு அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். சளிக் காய்ச்சலுக்கென்று விற்கும் பல மாத்திரைகளிலும் இதே மருந்து கலந்திருக்கிறது. தலைவலிக்கு ஒன்று, சளிக்கு ஒன்று என்று இரண்டையும் விழுங்குபவர் தம்மை அறியாமலேயே வரம்பைத் தாண்டிவிடலாம். தாண்டியது தெரிந்தால், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்கலாகாது. முதல் நாளில் பெரிய அறிகுறி ஏதும் இராது. அசிட்டைல்சிஸ்டீன் என்னும் முறிமருந்தோ முதல் 8 மணி நேரத்திற்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும்.

இது திடீரென்று வரும் கேடு. மெதுவாக வருவது வேறு. ஈரல் தானாகவே ஆறி வளரும் ஆற்றல் உடையது. ஆயினும் காயத்தின்மேல் காயம் பட்டுக்கொண்டே இருந்தால், வைட்டமின் ஏ சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு சாதுவாக இருந்த சில உயிரணுக்கள் குணம் மாறி, நார் நாராகத் தழும்பை உண்டாக்குகின்றன. தழும்பு மிகுந்து ஈரல் முண்டு முண்டாக இறுகிப்போவதே சிரோசிஸ். ஆராய்ச்சிக்காக எலிகளின் ஈரலில் தழும்பை வேண்டுமென்றே உண்டாக்க, கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் திரவத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதே திரவம் ஒரு காலத்தில் சலவைக் கடைகளில் கறை நீக்கப் புழங்கிற்று என்றால் திகைப்பாகத்தான் இருக்கிறது. சர்க்கரை வியாதியாலும் பருமனாலும் ஈரலில் கொழுப்புப் படிந்தும் தழும்பு வரும். காரணத்தை ஆரம்பத்திலேயே நிறுத்தினால் தழும்பு ஓரளவு கரையும்.

2002ஆம் ஆண்டில் இந்நகரில் நடந்ததை வர்த்தகர்கள் மறக்கக்கூடாது. ஸ்லிம் 10 என்ற பெயரில் உடம்பை மெலிய வைக்கும் குளிகை சீனாவிலிருந்து வந்து விற்பனையாயிற்று. அதை உண்ட தொலைக்காட்சி நடிகை ஆண்ட்ரியா டி குரூஸின் ஈரல் செயலிழந்தது. பின்னாளில் அவரை மணந்த நடிகர் பியேர் பிங் தம் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்ததால் அவர் பிழைத்தார். அக்குளிகையை உண்ட இன்னொரு பெண்மணி இறந்துபோனார். சோதித்தபோது ஃபென்ஃபுளூரமைன் என்னும் மருந்து அதில் கண்டுபிடிக்கப்பட்டது. இதயத்திற்குக் கேடு என்று அமெரிக்காவில் 1997இலேயே சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து அது. டப்பாவின்மேல் அதன் பெயர் இல்லை. நடிகை வழக்குத் தொடுத்து, 2003இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். விநியோகித்த நிறுவனம் செய்த மேல்முறையீடு 2004இல் தள்ளுபடியாயிற்று. தயாரித்தவர் கடலுக்கு அப்பால் இருக்க, இங்கே விற்றவர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்திய நாட்டு மருந்துகளையும் சத்து மாத்திரைகளையும் விற்குமுன் சுகாதார அறிவியல் ஆணையத்தின் அனுமதி பெற வேண்டும் என்ற விதி இங்கில்லை. இதைச் சிலர் சலுகை என எண்ணிக்கொள்கிறார்கள். சரக்கு தீங்கற்றது என்று உறுதி செய்யும் பொறுப்பு இறக்குமதி செய்பவர் மீதும் விற்பவர் மீதும் விழுகிறது என்பதே அதன் பொருள். கொரோனாக் காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் உண்ட ஆறு பேருக்கு ஈரல் பாதிப்புக் கண்டதாக மும்பை டாக்டர்கள் 2021இல் வெளியிட்டனர். இந்திய அரசின் ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்து, சீந்திலைப் போன்ற வேறு கொடியை உண்டிருக்கலாம் என்றது. எத்தரப்பு சரியானாலும், பொடியாக்கிப் பொட்டலம் கட்டிய பிறகு அது எந்தக் கொடி என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்?

பலசரக்கு வியாபாரிகளுக்குத் தனியே சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, விரல்களில் ஈரம் பட்டதும் வியாபாரியை விசாரித்த வரலாறு நாம் அறிந்ததே. மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுவதைக் கண்டித்தார்கள். அந்த ஈரத்தில் இன்னொரு கேடும் ஒளிந்திருப்பதை விஞ்ஞானம் காட்டியுள்ளது. நிலக்கடலை, மக்காச்சோளம், மிளகாய் வற்றல், ஜாதிக்காய் ஆகியவை ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்தில் இருந்தால் ஒருவகைப் பூஞ்சணம் பிடித்து, அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சு உண்டாகும். 1960இல் இங்கிலாந்தில் கடலைப் பிண்ணாக்குத் தின்ற ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, காரணத்தைத் தேடி இதைக் கண்டுபிடித்தார்கள். 1974இல் குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு மாண்டனர். சிறிது சிறிதாகப் பல ஆண்டு உட்கொண்டால் ஈரலில் புற்று வரும். ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்கு அந்த ஆபத்து பன்மடங்கு. சிங்கப்பூரில் 1987 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் அக்கிருமிக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்தவர்களும், ஊரிலிருந்து வந்து நம் கடைகளில் வேலை பார்ப்போரும் ஒருமுறை இரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது.

வறுத்தாலும் பொரித்தாலும் இந்நஞ்சு முழுவதும் அழியாது. வெயிலில் உலர்த்தித் துடைத்தால் பூஞ்சணம் மறையும், நஞ்சு அங்கேயே இருக்கும். ஆகவே கிட்டங்கியில் மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல், சுவரை விட்டுத் தள்ளி அடுக்க வேண்டும். முதலில் வந்ததை முதலில் விற்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த வற்றலை அரைத்து நல்ல தூளோடு கலந்து விற்பவர், அந்த ஈரத் தானியத்தை மறைத்தவரினும் மோசமான காரியத்தைச் செய்கிறார். அதைக் கொட்டிவிட வேண்டும், நஷ்டமானாலும் சரி.

கண்ணில் மஞ்சள், கருத்த சிறுநீர், பசியின்மை, உடம்பெல்லாம் அரிப்பு ஆகியவை கண்டால் தாமதியாமல் டாக்டரிடம் செல்க. உண்டுவந்த மாத்திரை, பொடி, லேகியம் அத்தனையையும் டப்பாவோடு எடுத்துச் செல்ல வேண்டும். டாக்டர் கோபிப்பாரென்று நாட்டு மருந்தை மறைப்பவர்கள் உண்டு. மறைத்தால் அவர் காரணத்தை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். நம் கடையில் வாங்கியதை உண்டு இப்படி ஆயிற்று என்று வாடிக்கையாளர் வந்து சொன்னால், மீதிச் சரக்கை அலமாரியிலிருந்து எடுத்து ஒதுக்கி வைத்து, யாரிடம், எந்தத் தேதியில் வாங்கினோம் என்ற விவரத்தோடு ஆணையத்திற்கு அறிவித்துவிட வேண்டும். பில் இல்லாமல் வாங்கிய சரக்கானால் அந்த விவரத்தைச் சொல்லவும் வழியிராது.