கடலை மிட்டாய் கற்பித்த வேதியியல்

(இளம் அறிவியல் - வேதியியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். ஆனால் நம் வீட்டு அடுப்பில் நாள்தோறும் நடக்கும் வேதியியலைக் காண நமக்குப் பாடநூல் தேவைப்படுகிறது. பாடநூலைச் சரியாகப் புரிந்துகொள்ள மீண்டும் அடுப்பங்கரைக்கே போக வேண்டியும் இருக்கிறது. இந்த உண்மையைச் சென்ற ஐப்பசியில் சற்று நட்டப்பட்டே நான் கற்றேன்.

புத்தூர் நால் ரோட்டிலிருந்து உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அம்மா கடலை மிட்டாய் செய்து சுற்று வட்டாரப் பெட்டிக் கடைகளுக்குப் போடுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். என் தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் அந்த மிட்டாயிலிருந்தே வருகின்றன. ஆகவே கடலை மிட்டாயைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டு என்றே எண்ணுகிறேன்.

கடலை வந்த வழி

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. நம் நாட்டில் சில பகுதிகளில் வழங்கும் 'மணிலாக் கொட்டை' என்னும் பெயர் அதன் கடல் பயணத்தை இன்றும் நினைவூட்டுகிறது. கொட்டை என்று அழைத்தாலும் தாவரவியலின்படி இது அவரை, துவரையின் உறவு. பூ மண்ணுக்கு மேலே பூக்கும். கருவுற்றபின் சூலகத்தின் அடிக்காம்பு நீண்டு மண்ணைத் துளைத்து உள்ளே இறங்கும். காய் மண்ணுக்குள்ளேயே முற்றும். நூறு கிராம் பருப்பில் ஏறத்தாழ 25 கிராம் புரதமும் 49 கிராம் எண்ணெயும் உள்ளன. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடச் சத்தான தின்பண்டம் எது?

கடலை மிட்டாய் என்றவுடன் தமிழ்நாட்டில் எவர்க்கும் நினைவுக்கு வருவது கோவில்பட்டி. கரிசல் மண்ணில் விளைந்த கடலை, நல்ல வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் ஆகியவையே அதன் சுவைக்குக் காரணம் என்பர். 2020ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெட்டிக் கடைக் கண்ணாடிப் புட்டியில் கிடந்த பண்டம் ஓர் ஊரின் சொத்தாகச் சட்டத்தில் ஏறியது மகிழ்ச்சிக்குரியது.

செய்முறை

அம்மாவின் கணக்கு இது: ஒரு கிலோ கடலைக்கு முக்கால் கிலோ வெல்லம். முதலில் கடலையைப் பரப்பிச் சுருங்கியவை, கறுத்தவை, பூசணம் பூத்தவை ஆகியவற்றைப் பொறுக்கி எறிய வேண்டும். இது வெறும் அழகுக்காக அன்று. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றின் தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூசணத்தின் நஞ்சே காரணம் எனப் பின்னர் கண்டறிந்து, அதற்கு 'அப்ளாடாக்சின்' என்று பெயரிட்டனர். வறுத்தாலும் இந்நஞ்சு முழுமையாக அழிவதில்லை. ஆகவே பொறுக்குவதே பாதுகாப்பு.

பிறகு இளந்தீயில் வறுக்க வேண்டும். கடலையில் உள்ள புரதக்கூறுகளும் சர்க்கரையும் வெப்பத்தில் வினைபுரிவதால்தான் அந்த மணமும் பொன்னிறமும் உண்டாகின்றன. ஆறியபின் கையால் தேய்த்து, முறத்தில் புடைத்துத் தோலை நீக்கிப் பருப்பை இரண்டாக உடைத்துக்கொள்ளலாம். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, மண்போக வடிகட்டி, மீண்டும் அடுப்பேற்ற வேண்டும். இனி வருவதே தேர்வு நேரம்.

பதம் என்பது என்ன?

தூய நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். சர்க்கரை கரைந்த நீர் அதற்கு மேலே கொதிக்கும். நீர் ஆவியாக ஆகப் பாகின் செறிவு கூடுகிறது, கொதிநிலையும் ஏறுகிறது. ஏறத்தாழ 115 டிகிரியில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மெத்தென்று உருளும். 150 டிகிரியை ஒட்டியோ அது தண்ணீரில் விழுந்ததும் விறைத்து, கையில் எடுத்தால் 'படக்' என்று முறியும். அப்போது பாகில் எஞ்சியிருக்கும் நீர் மிகச் சொற்பம். மிட்டாய்க்கு இந்த முறியும் பதமே வேண்டும்.

ஆய்வகத்து வெப்பமானியை வீட்டுக்குக் கொண்டு போகலாமா என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். பாதரசம் உள்ள கருவியை உணவில் வைக்கவே கூடாது என்று கடிந்துகொண்டார். அம்மாவுக்கோ ஒரு கிண்ணம் தண்ணீரே வெப்பமானி.

பதம் வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, எண்ணெய் தடவிய பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டி, சூடு ஆறுமுன் வில்லை போட வேண்டும். ஏன் இந்த அவசரம்? சூடான பாகு வளையும். குளிர்ந்த பாகு வளையாது, நொறுங்கும். உப்பைப் போலவோ கற்கண்டைப் போலவோ அது படிகமாவதில்லை. மூலக்கூறுகள் வரிசைப்பட நேரமின்றி அப்படியே உறைந்து நிற்கின்றன. சன்னல் கண்ணாடியும் இந்த நிலையில் உள்ளதே. நாம் கடித்துத் தின்பது இனிப்புக் கண்ணாடி எனலாம்!

நான் செய்த பிழை

சர்க்கரைப் பாகு படிகமாகி மணல்போல் ஆகாதிருக்கச் சிறிது அமிலம் சேர்க்கலாம் என்று படித்திருந்தேன். அமிலமும் வெப்பமும் சேர்ந்தால் சுக்ரோஸ் நீரோடு வினைபுரிந்து குளுக்கோஸாகவும் ப்ரக்டோஸாகவும் பிரியும். இக்கலவை படிகமாவதைத் தடுக்கும். படித்ததைச் செய்து பார்க்கும் ஆசையில், மூன்று கிலோ கடலைக்கான பாகில் இரண்டு எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னேன். அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார். படித்த பிள்ளை சொல்கிறது என்று பிழிந்தார்.

அடைமழைக் காலம். மறுநாளே வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காகிதம் உரிக்க வரவில்லை. கடைக்காரர், "அக்கா, பிள்ளைங்க காகிதத்தோட சேத்துத் திங்குது" என்று அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடலை, வெல்லம், விறகு, இரண்டு நாள் உழைப்பு எல்லாம் போயின. அம்மா திட்டவில்லை. "மழைக்கு வெல்லமே கசியும் பாப்பா. நீ வேற அத இளக்கி விட்டுட்ட" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

சோதனை

பிழை எங்கே என்று அறியாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. கால் கிலோ கடலையை நான்கு பங்காக்கினேன். முதல் தட்டில் வெல்லம் மட்டும். இரண்டாவதில் வெல்லமும் எலுமிச்சைச் சாறும். மூன்றாவதில் வெள்ளைச் சீனி மட்டும். நான்காவதில் சீனியும் சில சொட்டு எலுமிச்சைச் சாறும். நான்குக்கும் பதம் பார்த்தது அம்மாவே. ஒரே கூடையின் கீழ் மூடி வைத்தேன்.

மாலைக்குள் இரண்டாம் தட்டு பிசுபிசுத்தது. மூன்றாம் தட்டு கிளறும்போதே பூத்து, மணல்போல் உதிர்ந்தது. நான்காவது பளபளவென்று இருந்தது. முதல் தட்டு இரவுவரை முறுமுறுவென்றே இருந்தது. அதில் ஒரு பாதியை மூடி இறுகிய டப்பாவில் வைத்தேன், ஒரு வாரம் கெடவில்லை.

விடை தெளிவாயிற்று. நூலில் சொன்னது வெள்ளைச் சீனிக்கு. அது ஏறக்குறையத் தூய சுக்ரோஸ். அதற்குத் துணை வேண்டும். வெல்லத்திலோ குளுக்கோஸும் ப்ரக்டோஸும் ஏற்கெனவே இருக்கின்றன. நான் அவற்றை மேலும் பெருக்கிவிட்டேன். ப்ரக்டோஸ் காற்றின் ஈரத்தை இழுப்பதில் வல்லது. நூல் பொய் சொல்லவில்லை. எந்தப் பொருளுக்குச் சொன்னது என்று நான் கேட்கத் தவறினேன்.

சாக்லேட்டும் கடலையும்

கடலையைச் சாக்லேட்டோடு சேர்த்தால் என்ன என்று தோழியர் கேட்டனர். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ரீஸ் என்பவர் 1928இல் இத்தகைய மிட்டாயைச் செய்து பெரும் பெயர் பெற்றார். வீட்டிலும் செய்யலாம். வறுத்த கடலையை எண்ணெய் விடும்வரை மிக்சியில் அரைத்து, வெல்லப்பொடி கலந்து உருட்டி, உருக்கிய சாக்லேட்டில் தோய்த்தால் போதும். சாக்லேட்டை நேரே தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்தே உருக்க வேண்டும். ஒரு சொட்டு நீர் பட்டாலும் அது கட்டிதட்டிவிடும்.

ஆனால் சாக்லேட்டில் உள்ள கொக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரியில் உருகிவிடும். வாயில் கரைவதன் இரகசியமும் அதுவே. சித்திரை வெயிலில் 40 டிகிரியைத் தொடும் நம் திருச்சியில் பெட்டிக் கடைப் புட்டிக்குள் அது என்ன ஆகும்? அந்த வெயிலிலும் நிமிர்ந்து நிற்பது கடலை மிட்டாய்தான். அதற்குப் பகை வெயில் அன்று, ஈரம்.

முடிவுரை

போன நட்டத்தை ஈடுகட்ட மார்கழி வரை ஆயிற்று. இப்போது மழைக்காலத்தில் அம்மா பாகைச் சற்றுக் கூடுதலாக முறுக விடுகிறார். நான் வில்லைகளை ஆறியவுடனே டப்பாவில் அடைத்து மூடுகிறேன். அந்த மழைக்காலம் முழுவதும் அதன்பின் ஒரு பொட்டலமும் திரும்பி வரவில்லை.

நம் வகுப்பில் நெய்பவர் பிள்ளை உண்டு, சாயம் போடுபவர் பிள்ளை உண்டு, செங்கல் சூளையில் வேலை செய்பவர் பிள்ளையும் உண்டு. நம் பெற்றோர் பலருக்கு வேதியியல் என்ற சொல் தெரியாது; அதன் வேலை தெரியும். நமக்குச் சொல் தெரியும். நண்பர்களே, அடுத்த ஆண்டு மலருக்கு உங்கள் வீட்டுத் தொழிலைப் பற்றி நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் வீட்டில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை, மூன்று கிலோ கடலை போயிற்று.