எலெக்ட்ரான் தொடாத குளுவான்

ஜொகூர் பாரு

அன்பு மருமகளுக்கு,

குளுவானுக்கு மின்னூட்டமே இல்லையே, எலெக்ட்ரானை மோதவிட்டு அதை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். எஸ்.பி.எம். பாடநூலில் இதற்கு விடை இல்லை. ஆனாலும் நீ கேட்க வேண்டியதைத்தான் கேட்டிருக்கிறாய்.

1960களின் இறுதியில் ஸ்டான்ஃபோர்டில் எலெக்ட்ரான்களைப் புரோட்டான்கள்மீது பாய்ச்சினார்கள். அந்த அளவீடுகளையும் பின்னால் வந்த நியூட்ரினோ அளவீடுகளையும் வைத்துக் கூட்டிப் பார்த்தால், புரோட்டானின் உந்தத்தில் குவார்க்குகளின் பங்கு ஏறக்குறைய பாதிதான் தேறியது. மீதியை மின்னூட்டமில்லாத ஒன்று சுமந்தாக வேண்டும்; அதுதான் குவார்க்குகளைப் பிணைக்கும் குளுவான்.

அது உள்ளே எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டியது ஹாம்பர்க்கில் 1992 முதல் 2007 வரை ஓடிய ஹேரா முடுக்கி. சுற்றளவு 6.3 கிலோமீட்டர், நம் ஜொகூர் பாலத்தைப் போல ஆறு மடங்கு. அங்கே எச்1, ஜீயஸ் என்று இரண்டு பெரிய உணர்கருவிகள். ஜீயஸ் குழுவில் நம் மலாயாப் பல்கலைக்கழக இயற்பியல் துறையும் இருந்தது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

சிதறிய எலெக்ட்ரானின் ஆற்றலையும் கோணத்தையும் அளந்தால் இரண்டு எண்கள் கிடைக்கும். அடிபட்ட குவார்க் சுமந்த உந்தப் பங்கு ஒன்று. எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தோம் என்பது மற்றொன்று. பங்கு மிகச் சிறிதாக உள்ள இடத்தில், நுணுக்கம் கூடக் கூடக் குவார்க்குகள் பெருகிக்கொண்டே போயின. எங்கிருந்து வந்தன? குளுவான் குவார்க்காகவும் எதிர்க்குவார்க்காகவும் பிரியும். ஆகவே அந்த ஏற்றம் எவ்வளவு செங்குத்தோ, அவ்வளவுக்கு அங்கே குளுவான்கள் மிகுதி. எலெக்ட்ரான் குளுவானைத் தொடாமலே கணக்கு முடிகிறது!

ஏற்றத்தைக் குளுவானோடு இணைக்கும் சமன்பாடுகள் 1970களில் கிரிபோவ், லிப்பாடோவ், டாக்‌ஷிட்சர், அல்டரெல்லி, பரிசி ஆகியோர் தந்தவை. குளுவான் பரவலுக்கு ஒரு சூத்திரத்தை வைத்துத் தொடங்கி, எல்லாப் பங்குகளும் சேர்ந்து ஒன்றாக வேண்டும் என்று கட்டுப்படுத்தி, தரவுக்குப் பொருந்தும்வரை எண்களைத் திருத்துவார்கள். 2015இல் இரு குழுக்களும் 2927 அளவீடுகளை 1307ஆக இணைத்து இதைச் செய்தன. அப்படிக் கிடைக்கும் குளுவான் கோட்டைவிட அதைச் சூழ்ந்த பிழைப்பட்டையை நீ உற்றுப் பார். பங்கு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே போனால் தரவு அருகுகிறது, பட்டை அகல்கிறது.

இணைத்த அந்த அளவீடுகளின் அட்டவணைகள் இணையத்தில் எல்லாருக்கும் கிடைக்கும். பங்கு 0.002 உள்ள எண்களை மட்டும் எடுத்து, நுணுக்கத்தைக் கூடுதல் கணிதத்தில் படித்த மடக்கை அச்சில் வைத்து வரைந்து பார். பிறகு 0.4க்கும் வரை. அந்த இரண்டாவது கோடு எந்தப் பக்கம் சாய்கிறது, ஏன் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை