சமாதானக் கூட்டத்துக்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கோட்டாட்சியராகப் பொறுப்பேற்ற கையோடு கோயில் திருவிழாத் தகராறு உன் மேசைக்கு வந்துவிட்டதாமே. இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறாய். பேசு. ஆனால் எதைப் பேசுவது என்பதை நீ தீர்மானித்துக்கொண்டு போ. இல்லையென்றால் ஊர்ப் பெரியவர்கள் தீர்மானித்துவிடுவார்கள்.

வருவாய்த்துறையில் நான் பார்த்த சமாதானக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஊர்க்காரர்கள் முன்வரிசை நாற்காலியில் இருப்பார்கள். காலனியில் இருக்கும் தலித் மக்கள் சுவரோரம் நிற்பார்கள்; உட்காரச் சொன்னால் "இருக்கட்டும் சார்" என்பார்கள். டீ வரும். "ரெண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுங்க" என்பார் நம் அதிகாரி. ஊர் வீம்பை விடும். காலனி கோயிலுக்குள் போகும் உரிமையை விடும். "இந்த ஆண்டு மட்டும் பழைய வழக்கப்படி" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவோம். அடுத்த ஆண்டு அந்தத் தாளே வழக்கத்துக்கு ஆதாரமாக வந்து நிற்கும்.

மதுரை மாவட்டத்து உத்தப்புரம் கதை உனக்குத் தெரியும். 1989 சாதிக் கலவரத்துக்குப் பிறகு தலித் குடியிருப்பைப் பிரித்து எழுந்த சுவருக்கு, ஒப்பந்தம் இருக்கிறது என்றுதான் அதை எழுப்பியவர்கள் வாதாடினார்கள். 2008 மே 6 அன்று அதன் ஒரு பகுதியை அரசு இடித்தது. அதையொட்டி ரேஷன் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டு வெளியேறியவர்கள் சுவரை எழுப்பிய தரப்பினர்! பாதை திறந்ததைத் தங்களுக்கு இழைத்த அநீதி என்றே மனதார நம்பினார்கள். உன் எதிரே உட்காரப் போகிறவர்களும் நம் பெரியப்பா, சித்தப்பா மாதிரிதான் இருப்பார்கள். அவர்கள் பேச்சு உனக்கு நியாயமாகவே படும். அங்கேதான் நீ உஷாராக இருக்க வேண்டும்.

அதே உத்தப்புரத்தில் 2011-இல் காவல்துறை முன்னின்று பேசி, நவம்பரில் தலித் மக்கள் கோயிலுக்குள் போனார்கள். ஆகவே பேச்சுவார்த்தையே வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் உள்ளே போகலாமா என்பதை 1947 கோயில் நுழைவுச் சட்டமும் அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவும் எப்போதோ முடித்துவிட்டன. எந்தத் தேதி, எத்தனை போலீஸ், முளைப்பாரி எந்தத் தெரு வழியாக என்பதை மட்டும் பேசு. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவையும் ஒருமுறை படித்துவிடு. கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும், பட்டியல் சமூகத்தைச் சேராத அரசு ஊழியருக்கு, அதாவது நம்மைப் போன்றவர்களுக்கு, சிறைத்தண்டனை சொல்லும் பிரிவு அது.

கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் ஜீப்பைத் தள்ளி நிறுத்திவிட்டுக் காலனிக்குள் நடந்து போ. பெண்களிடம் பேசு. யார் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறார்கள், யாரிடம் வட்டிக்கு வாங்கியிருக்கிறார்கள் என்று கேள். கோயிலுக்குள் போன மறுநாளே அந்தக் கூலி நின்றுபோகலாம். நூறு நாள் வேலையை அங்கே உடனே தொடங்க பி.டி.ஓ.விடம் இப்போதே சொல்லி வை.

அன்புடன்,
மாமா