பூண்டுக் காட்டில் களை: நம்புவதும் நடப்பதும்

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சிப் பக்கம், படிப்படியான நிலத்தில் வீட்டு ஆட்களே பல் ஊன்றி, களையெடுத்து, பூண்டு பிடுங்குவார்கள். இந்த மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் களைக்குச் செலவாகும் கூலியும் முதுகுவலியும் குறைந்தபாடில்லை. அதில் கொஞ்சம், நாமே கட்டிக்கொண்டு அழும் சில நம்பிக்கைகளால் வருவது.

நம்பிக்கை: பயிர் நன்றாக எழும்பிய பிறகு களையெடுத்தால் போதும்.

உருளைக்கிழங்கு இலை விரித்துத் தரையை மூடிவிடும். பூண்டுத் தாளோ ஒடுங்கி, நிமிர்ந்து நிற்கும். அறுவடை வரை வெயில் மண்ணுக்கு இறங்கிக்கொண்டே இருக்கும். வேரும் மேலாக ஓடுவதுதான். முதல் இரண்டு மாதம் களைக்கு விட்டுக்கொடுத்தால், அப்புறம் சுத்தமாக எடுத்தாலும் பல் பருக்காது. சொல்லப்போனால் பூண்டு முளை வெளியே வருவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. ஊன்றிய பல்லைத் தொடாமல் மேல்மண்ணை அரை அங்குலம் கிளறிவிட்டால், வெள்ளை நூலாக இருக்கும் களை நாற்றுகள் வெயிலில் வாடிவிடும். வெயில் நாளாகப் பார்த்துச் செய்யுங்கள். சாரலில் கிளறுவது களைக்கு நடவு செய்வதுதான்.

நம்பிக்கை: ஆழமாகக் கொத்தினால் புளியாரையும் கோரையும் ஒழியும்.

இதில்தான் பெரிய நஷ்டம். இளஞ்சிவப்புப் பூ வைக்கும் பெரிய இலைப் புளியாரையைப் பிடித்து இழுத்தால் தண்டும் இலையும்தான் கையோடு வரும். மண்ணைத் தோண்டிப் பாருங்கள்: உள்ளே ஒரு குமிழ், அதிலிருந்து ஓடும் மெல்லிய இழைகளின் நுனியில் குட்டிக் குமிழ்கள். கொத்து பட்டதும் அவை உதிரும்; ஒவ்வொன்றும் ஒரு செடியாகும். கோரையும் இப்படித்தான். கிழங்குகள் கோத்தபடி இருக்கும்வரை பல கிழங்குகள் உறங்கும். அறுத்துவிட்டால் அவையும் முளைக்கும். சமவெளியில் கோடை உழவு போட்டால் கிழங்கு வெயிலில் கருகும். மேல்மலைக் குளிரில் எது கருகப்போகிறது? அங்கங்கே இருந்தால் மண்ணோடு அள்ளி நிலத்துக்கு வெளியே கொட்டுங்கள். எருக்குழி பக்கமே கொண்டுபோகாதீர்கள். பரவிவிட்டதா, இலை தலைகாட்டும் போதெல்லாம் தரையோடு சீவிக்கொண்டே வந்தால் குமிழ் இளைக்கும். ஒரே போகத்தில் முடியும் வேலையல்ல.

நம்பிக்கை: மருந்து அடித்துவிட்டால் களைவெட்டே வேண்டாம்.

பென்டிமெத்தலின் போல முளைக்கும் முன் அடிப்பவை விதையிலிருந்து வரும் களையைத்தான் தடுக்கும். கிழங்கிலிருந்து எழும் கோரையிடம் அவற்றின் பாச்சா பலிக்காது.

நம்பிக்கை: சாணி எருவால்தான் களை வருகிறது.

பாதி சரி. மாடு தின்ற களை விதைகளில் பல, வயிற்றைத் தாண்டியும் உயிரோடு வெளியே வரும். பச்சை எருவைக் கொட்டினால் விதைத்த கணக்குத்தான். குவியல் உள்ளே கை வைக்க முடியாதபடி சூடேறி, இரண்டு மூன்று முறை புரட்டி மக்கிய எருவில் அந்தப் பயம் குறைவு. ஓரத்தில் சூடேறாமல் கிடப்பதையும் நடுவுக்குத் தள்ளிப் புரட்ட வேண்டும்.

நம்பிக்கை: பூண்டு திரளும்போது ஒரு கொத்து கொடுத்தால் பருமன் கூடும்.

வேர்தான் அறுபடும். கொத்து பட்டுக் காயமான பூண்டு, கட்டித் தொங்கவிட்டாலும் அழுகும், விதைக்கும் ஆகாது. அந்தக் கட்டத்தில் பூத்து விதை வைக்கப்போகும் களையை மட்டும் கையால் பிடுங்குங்கள். பூண்டோடு பின்னிக் கிடப்பதை இழுக்க வேண்டாம், அரிவாளால் அடியோடு அறுத்துவிட்டால் போதும்.