காலம் குறைவு, ஆகையால்...?

'கார்பே டீயெம்' என்ற இலத்தீன் தொடரை மேல்நிலை வகுப்பு மாணவர்கள் பலர் அறிந்திருக்கிறார்கள். டி-சர்ட்டில் அச்சாகி வருகிறது. அலைபேசி ஸ்டேட்டஸில் வருகிறது. 1989இல் வெளியான 'டெட் பொயட்ஸ் சொசைட்டி' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் ஓர் ஆங்கில ஆசிரியர் தம் மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தருவார். அந்தப் படம் இத்தொடரை உலகெங்கும் கொண்டுசேர்த்தது. பொருள் என்ன என்று வகுப்பில் கேட்டால், "ஜாலியா இருக்கணும் சார்", "லைஃப் ஒரு தடவைதான் சார்" என்று பதில் வருகிறது.

மேல்நிலை வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் நான், பாடநூலுக்கு வெளியே இரண்டு பாடவேளைகளை இத்தொடருக்காக ஒதுக்குகிறேன். 16, 17 வயதில் நம் பிள்ளைகளைச் சுற்றி இரண்டு குரல்கள் ஒலிக்கின்றன. 'எல்லாம் பொதுத்தேர்வு முடிந்த பிறகுதான்' என்பது ஒன்று. 'இப்போது விட்டால் எப்போதும் கிடைக்காது' என்பது மற்றொன்று. இவற்றைச் சீர்தூக்கிப் பார்க்கும் பயிற்சியை ஒரு கவிதைப் பாடத்தால் தர முடியும் என்பது என் அனுபவம்.

திராட்சைத் தோட்டத்துச் சொல்

இத்தொடரை எழுதியவர் உரோமானியக் கவிஞர் ஹோரேஸ் (கி.மு. 65 - கி.மு. 8). அவருடைய தந்தை அடிமையாக இருந்து விடுதலை பெற்றவர். கி.மு. 42இல் பிலிப்பி போரில் தோற்ற அணியில் நின்றவர் ஹோரேஸ். தந்தை வழி நிலத்தை இழந்து, உரோமில் எழுத்தராக வேலை பார்த்தார். கி.மு. 23இல் வெளியான 'ஓட்ஸ்' தொகுப்பின் முதல் நூலில் பதினொன்றாவது பாடலாக இது இருக்கிறது. எட்டே அடிகள்.

லியூக்கோனொயே என்ற பெண்ணிடம் கவிஞர் பேசுகிறார். அவள் தன் ஆயுள் எவ்வளவு என்று பாபிலோனிய சோதிடக் கணக்குகளில் தேடிக்கொண்டிருக்கிறாள். வெளியே குளிர்காலக் கடல் பாறைகளில் மோதுகிறது. அந்தக் கணக்கை விட்டுவிடு, திராட்சை மதுவை வடிகட்டு, நீண்ட ஆசையை வெட்டிக் குறுக்கு, இன்றைப் பறித்துக்கொள் என்பதே அவர் சொல்வதன் சாரம்.

'கார்பே' என்ற வினையை ஆங்கிலத்தில் 'சீஸ்' என்று பெயர்க்கிறார்கள். அதில் பாய்ந்து பிடிக்கும் வேகம் தெரிகிறது. இலத்தீனில் அது பழத்தையும் பூவையும் பறிப்பதைக் குறிக்கும் சொல். ஆசையை வெட்டு என்னுமிடத்தில் வரும் வினையும் கொடியை வெட்டிவிடுவதை நினைவூட்டுவது. நம் ஊர்ப் பேச்சில் கவாத்து.

கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியில் இதை விளக்கக் கரும்பலகை தேவையில்லை. மாணவர்களில் சிலர் விடுமுறையில் தோட்டத்திற்குப் போகிறவர்கள். "வாழைத்தாரை வெட்டி வைத்தால் பழுக்கும். திராட்சை?" என்று கேட்டேன். "பழுக்காது சார். கொடியிலேயே பழுக்கணும். முன்னாடி பறிச்சா புளிப்பு, விட்டுட்டா கொத்து அழுகிடும்" என்றான் ஒருவன். ஹோரேஸ் பாடலுக்கு அதைவிட நல்ல உரையை நான் படித்ததில்லை. பறிப்பவருக்கு முதலில் தேவை பழுத்ததை அறியும் கண். திருக்குறளில் 'காலமறிதல்' அதிகாரம் காத்திருக்கும் கொக்கை உவமை காட்டுவதும் இந்த அறிவைத்தான். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், விரைவும் பொறுமையும் ஒரே திறனின் இரு பக்கங்கள் என்பது மாணவர்களுக்குப் புரிகிறது.

ஒரே காரணம், வேறு வேறு முடிவுகள்

இரண்டாம் பாடவேளையில் கரும்பலகையில் 'காலம் குறைவு, ஆகையால்...' என்று எழுதி, மீதியை நிரப்பச் சொல்வேன். பிறகு கவிஞர்கள் எப்படி நிரப்பினார்கள் என்று பார்ப்போம்.

ஹோரேஸ்: ஆகையால் கலங்காதே, கையில் இருக்கும் வேலையைப் பார்.

ராபர்ட் ஹெரிக், ஆங்கிலேயப் பாதிரியார். 1648இல் வந்த அவருடைய ரோஜா மொட்டுப் பாடல் இளம்பெண்களிடம் சொல்வது: ஆகையால் காலத்தோடு திருமணம் செய்துகொள்ளுங்கள்.

உமர் கய்யாம், 1048இல் நிஷாப்பூரில் பிறந்த கணித, வானியல் அறிஞர். நாட்காட்டித் திருத்தத்தில் பங்கேற்றவர். அவர் பெயரில் வழங்கும் பாடல்களை 1859இல் பிட்ஸ்ஜெரால்டு ஆங்கிலத்தில் தந்தார். கவிமணி தமிழில் தந்தார். அங்கே வரும் முடிவு: ஆகையால் இந்த நிழலும் இந்த நட்பும் போதும்.

நாலடியாரில் அதிகார வரிசையே ஒரு வாதம். செல்வம் நிலையாமை, இளமை நிலையாமை, யாக்கை நிலையாமை என்று மூன்று அதிகாரங்கள் காரணத்தை அடுக்குகின்றன. நான்காவது அறன் வலியுறுத்தல். அதாவது, ஆகையால் இன்றே அறம் செய். திருக்குறளிலோ 34ஆம் அதிகாரம் நிலையாமை; 35ஆம் அதிகாரம் துறவு.

காரணம் எல்லாருக்கும் ஒன்றே. முடிவுகள்தாம் வெவ்வேறு. காலம் குறைவு என்ற உண்மை, நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைத் தானாகவே தீர்மானிப்பதில்லை என்று மாணவர்கள் இங்கே கண்டுகொள்கிறார்கள்.

அடுத்து ஆண்ட்ரூ மார்வெல். இவர் 1678இல் இறந்தார். 'டு ஹிஸ் காய் மிஸ்ட்ரஸ்' என்ற பாடல் 1681இல் அச்சானது. தயங்கும் பெண்ணிடம் ஓர் ஆண் பேசும் பாடல். காலம் நிறைய இருந்தால் நீ கங்கைக் கரையில் மாணிக்கம் தேடலாம், நான் ஹம்பர் ஆற்றங்கரையில் காத்திருப்பேன் என்று தொடங்குகிறான். ஆனால் காலம் துரத்துகிறது, கல்லறை காத்திருக்கிறது என்கிறான். ஆகையால் எனக்கு இணங்கு என்று முடிக்கிறான். அழகான பாடல், தர்க்கமும் கச்சிதம். ஒரு மாணவி கேட்டாள்: "சார், இவர் அந்தப் பொண்ணைப் புகழ்றாரா, பயமுறுத்துறாரா?" வகுப்பு அமைதியானது. "அந்தப் பெண் பாடல் முழுவதும் ஏதாவது பேசுகிறாளா?" என்று மட்டும் திருப்பிக் கேட்டேன். இல்லை என்று அவர்களே கண்டுபிடித்தார்கள்.

இந்த இடம் முக்கியமானது. 'நேரமில்லை, உடனே முடிவு செய்' என்று நம் பிள்ளைகளை அவசரப்படுத்துபவர்கள் பலர். 'இன்று மட்டும்' என்னும் தள்ளுபடி விளம்பரம், உடனடிக் கடன் தருவதாகச் சொல்லும் செயலி, அன்பை நிரூபிக்கச் சொல்லும் நண்பன் என்று அந்தப் பட்டியல் நீளும். மார்வெலைப் படித்த மாணவி, அந்தக் குரலை வெளியிலும் அடையாளம் கண்டுகொள்வாள்.

வகுப்பறைச் செயல்பாடு

தாளில் மூன்று கட்டங்கள் வரையச் சொல்லுங்கள்: சொல்லப்படும் காரணம், 'ஆகையால்' என்ற முடிவு, அந்த முடிவால் நன்மை யாருக்கு. ஒரு விளம்பர வாசகம், ஒரு கவிதை, ஒரு பழமொழி என மூன்றைக் கொடுத்து நிரப்பச் செய்யலாம். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்ற பழமொழியை எடுத்தால், நன்மை உழைப்பவருக்கே என்று உடனே எழுதிவிடுகிறார்கள்.

கடைசியில் ஒவ்வொருவரும் தம் வாழ்விலிருந்து ஒரு வாக்கியம் எழுத வேண்டும். "பாட்டிக்கு வயதாகிறது, ஆகையால் இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாடும் நடவுப் பாட்டைப் பதிவு செய்வேன்" என்று ஒரு மாணவி எழுதினாள். "தேர்வுக்கு நூறு நாள்தான் இருக்கிறது, ஆகையால் விளையாட மாட்டேன்" என்று எழுதிய மாணவனிடம், "இதனால் யாருக்கு நன்மை?" என்று பக்கத்திலிருந்தவன் கேட்டான். யோசித்துவிட்டு, "தினமும் அரை மணி நேரம் விளையாடுவேன்" என்று அவனே திருத்திக்கொண்டான். நான் எதுவும் சொல்லவில்லை.

ஆசிரியர்களாகிய நமக்கும் இப்பாடத்தில் பங்கு உண்டு. அலகுத் தேர்வுக்குள் பாடப்பகுதியை முடிக்க வேண்டிய நெருக்கடி நமக்குத் தெரியும். ஆனாலும் ஒரு மாணவி உண்மையான கேள்வியோடு எழுந்து நிற்கும் நேரம், கொத்து பழுத்த நேரம். அடுத்த வாரம் அதே கேள்வி அவளிடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அந்த ஐந்து நிமிடத்தை அவளுக்குக் கொடுத்துவிடலாம்.

இச்செயல்பாட்டை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு மார்வெல் பாடலை விட்டு, நாலடியாரையும் பழமொழிகளையும் கொண்டு நடத்தலாம். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு பாடவேளையைப் பகிர்ந்து நடத்தினால் இன்னும் சிறப்பு. முயன்று பாருங்கள், மாணவர்கள் எழுதும் 'ஆகையால்' வாக்கியங்களை வகுப்புச் சுவரில் ஒட்டிவையுங்கள்.