குழந்தைக்கு உரிய பால்

பால் மரத்தை நம்பி வாழ்பவர்கள் நாம். பினாங்குத் தீவிலுள்ள ஜெலுத்தோங் வட்டாரமும் பால் சுரக்கும் ஒரு காட்டு மரத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஜெலுத்தோங்கை உள்ளடக்கிய ஜார்ஜ் டவுன் நகரமோ மற்றொரு பாலின் பொருட்டு உலகறியப் பெயர் பெற்றது. அதுவே தாய்ப்பால். குழந்தைகளின் அவ்வுரிமையைக் காக்கப் பல நாட்டு அமைப்புகள் ஒன்றுகூடிய வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

சிக்கல் யாது?

விடியற்காலையில் பிரட்டுக்குச் செல்லும் தாய் தன் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுச் செல்வது தோட்டங்களில் நெடுங்கால வழக்கம். அவள் திரும்பும் வரை குழந்தையின் பசியாற்ற வேறு பால் தேவைப்பட்டது. இனிப்பூட்டிய டின்பாலில் சர்க்கரை மிகுதி. குழந்தைக்கு வேண்டிய சத்தோ குறைவு. சிக்கனம் கருதி மாவுப்பாலில் நீரை மிகுதியாகக் கலந்தால் குழந்தை மெலியும். நீரோ புட்டியோ தூய்மையற்றதாயின் வயிற்றுப்போக்கு உண்டாகும். மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூரில் 'பாலும் கொலையும்' என்னும் தலைப்பில் உரையாற்றித் தவறான பால் விளம்பரங்களைக் கண்டித்தார்.

அமைப்புகள் ஒன்றுபட்டன

ஒரு நாட்டில் ஒரு சங்கம் தனித்து நின்று எதிர்த்தால், அதே விளம்பரம் அடுத்த நாட்டில் தொடரும். ஆகவே கூட்டு முயற்சி இன்றியமையாததாயிற்று. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் 1969-இல் தோன்றியது. அனைத்துலகப் பயனீட்டாளர் அமைப்பின் ஆசிய பசிபிக் அலுவலகமும் பினாங்கில் அமைந்தது; அன்வார் ஃபசால் அதனை வழிநடத்தினார். 1979-இல் பல நாட்டு அமைப்புகள் கூடி அனைத்துலகக் குழந்தை உணவுச் செயற்கட்டமைப்பை உருவாக்கின.

இவற்றின் இடையறாத வற்புறுத்தலும் துணைநிற்க, 1981 மே 21-இல் உலகச் சுகாதாரப் பேரவை தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை நெறியை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. ஒரு நாடே எதிர்த்தது. தாய்மாருக்கு இலவச மாதிரிப் பால்மாவு வழங்குவதையும், பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதையும் அந்நெறி விலக்குகிறது. 1991-இல் தாய்ப்பாலூட்டலுக்கான உலகக் கூட்டணி உருவாகிப் பினாங்கைத் தலைமையிடமாகக் கொண்டது. 1992 முதல் ஆகஸ்டு முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரமாகக் கொண்டாடப்படுகிறது.

உரிமையும் சட்டமும்

1989-இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் விதி, தாய்ப்பாலின் நன்மையைப் பெற்றோர் அறியச் செய்தல் அரசுகளின் கடமை என்கிறது. மலேசியா 1995-இல் இவ்வுடன்படிக்கையில் இணைந்தது. தீபகற்ப மலேசியாவில் 60 நாளாக இருந்த பேறுகால விடுப்பு, 2023 சனவரி 1 முதல் 98 நாளாக உயர்ந்தது.

நாம் செய்ய வேண்டுவன

1. பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டுக. முதல் 6 மாதங்கள் தாய்ப்பாலே போதும். பின்னர் வேறு உணவுடன் 2 ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் தொடர்க.

2. பேறுகால விடுப்பை முழுமையாகப் பயன்படுத்துக. மறுக்கப்பட்டால் தொழிற்சங்கத்தையோ தொழிலாளர் இலாகாவையோ நாடுக.

3. வேலைக்குத் திரும்பிய தாய் பிழிந்தெடுத்த பாலைத் தூய கலத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்தால், அதனைக் கிண்ணத்தால் ஊட்டலாம்.

4. வீட்டு வேலையைத் தந்தையும் பகிர்ந்துகொள்க. பாலூட்டும் தாய்க்கு ஓய்வும் உணவும் வேண்டும்.

நாடுகள் கடந்து சங்கங்கள் பெற்றுத் தந்த உரிமை, நம் வீட்டுத் தொட்டில் வரை வந்து சேர வேண்டும். அங்கு அதனைக் கொண்டு சேர்ப்பது நம் கடமை.

சிந்தித்து விடை கூறுக

அ. தனியொரு சங்கத்தால் இயலாதது கூட்டு முயற்சியால் இயன்றது ஏன்?

ஆ. உங்கள் தோட்டத்தில் பாலூட்டும் தாய்க்கு எவ்வெவ் வசதிகள் உள்ளன? இன்னும் எவை தேவை?